திறந்த வலைப்பின்னலும் தொழிலாளியின் செல்பேசியும்

ஹைதராபாத் நகரின் மேற்கே ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி பகுதிகளில் உலகின் பெரும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் தனது மேம்பாட்டு மையத்தை 1998இல் இந்நகரில் அமைத்தது. ஃபேஸ்புக் இந்தியாவில் தனது முதல் அலுவலகத்தை 2010இல் திறந்ததும் இங்குதான். அந்த நிறுவனத்திற்காக இந்நகரில் நடந்த ஒரு வேலையை 2019 மே மாதத்தில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. விப்ரோ நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தியிருந்த 260 பேர் வரையிலான ஊழியர்கள், 2014 முதல் மக்கள் ஃபேஸ்புக்கில் இட்ட படங்களையும் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரித்தனர். பதிவில் இருப்பது என்ன, எந்தச் சந்தர்ப்பத்தில் இடப்பட்டது, இட்டவரின் நோக்கம் என்ன என்று அவர்கள் குறிக்க வேண்டியிருந்தது. மக்கள் தம் உற்றாருடன் பகிர்ந்துகொண்ட மகிழ்ச்சியும் துயரமும் கணினிக்குப் பாடம் கற்பிக்கும் கச்சாப்பொருளாயின. அந்தக் கச்சாப்பொருளைப் பதப்படுத்தியது குறைந்த கூலிக்குக் கிடைத்த ஹைதராபாத் இளைஞர்களின் உழைப்பு.

இதே நகரத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. தெலுங்கில் சுதந்திரம் என்று பொருள்படும் ‘ஸ்வேச்சா’ என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு 2005 முதல் இங்கு இயங்கி வருகிறது. தெலுங்கில் இயங்கும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குவதில் தொடங்கிய அந்த அமைப்பு, பொறியியல் கல்லூரி மாணவர்கள் பல்லாயிரம் பேரைக் கட்டற்ற மென்பொருள் சிந்தனைக்குள் கொண்டுவந்தது. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற பெயரில் ஃபேஸ்புக் நிறுவனம் இணையத்தின் ஒரு துண்டை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகத் தருவதாகச் சொல்லி வந்தபோது, அதை எதிர்த்த நாடு தழுவிய இயக்கத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் இயக்கமும் அதன் அங்கமான ஸ்வேச்சாவும் முன்னின்றன. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பாகுபாடான கட்டண முறையைத் தடை செய்தது. அது மக்கள் இயக்கம் பெற்ற வெற்றி.

அந்த வெற்றிக்குப் பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. இணையத்தின் வாசலில் சுங்கச்சாவடி அமைப்பதைத் தடுத்தோம். ஆனால் வாசலைக் கடந்து உள்ளே சென்ற தொழிலாளி எங்கே போய்ச் சேர்ந்தார்? பெரும்பாலும் அதே நிறுவனத்தின் வாட்ஸ்அப்புக்கும் ஃபேஸ்புக்குக்கும்தான். மாற்று இல்லாததால் அவர் அங்கே போகவில்லை. மாற்றுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவை அவரது கைக்கு எட்டும் எளிமையில் இல்லை. இந்த எளிமையைப் பொறியாளர்களின் ரசனை சார்ந்த விஷயமாக நாம் இதுவரை ஒதுக்கி வந்திருக்கிறோம். அது அமைப்பு சார்ந்த, அரசியல் சார்ந்த பணி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சங்கத்தின் சாவி யார் கையில்?

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசே தெரிவித்த கணக்கின்படி, இந்தியாவில் வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் 53 கோடிப் பேர். ஃபேஸ்புக் பயன்படுத்துவோர் 41 கோடிப் பேர். நமது தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளும் இந்தக் கூட்டத்திற்குள்தான் இருக்கின்றன. கிளைக் கூட்ட அழைப்பு, ஆர்ப்பாட்ட அறிவிப்பு, வழக்கு நிதி வசூல், இரங்கல் செய்தி என அனைத்தும் ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வர் வழியாகவே செல்கின்றன.

2024 ஏப்ரலில் ஹைதராபாத்தின் செயலிவழி வாடகைக் கார் ஓட்டுநர்கள், கட்டுப்படியாகாத கட்டணத்தைக் கண்டித்து, குளிர்சாதனத்தை இயக்க மறுக்கும் போராட்டத்தை நடத்தினர். தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கம் அதற்கு அழைப்பு விடுத்தது. தொழிற்சாலை வாயில் என்று ஒன்று இல்லாத இத்தொழிலில், சக தொழிலாளியைச் சந்திக்கும் இடமே செல்பேசிதான். ஒரு செயலி நிறுவனத்தின் சுரண்டலை எதிர்த்துப் போராட, மற்றொரு செயலி நிறுவனத்தின் தயவை நாட வேண்டியிருக்கிறது என்பதே இன்றைய நிலை.

இந்தத் தயவு எவ்வளவு நிலையற்றது என்பதை விவசாயிகள் போராட்டம் காட்டியது. 2020 டிசம்பர் 20 அன்று ‘கிசான் ஏக்தா மோர்ச்சா’வின் ஃபேஸ்புக் பக்கம் திடீரென முடக்கப்பட்டது. கண்டனம் எழுந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1 அன்று ஒன்றிய அரசின் உத்தரவின்பேரில் அதே அமைப்பின் ட்விட்டர் கணக்கும், ‘கேரவன்’ ஏட்டின் கணக்கும், இடதுசாரித் தலைவர் முகமது சலீமின் கணக்கும் உட்படப் பல கணக்குகள் இந்தியாவில் மறைக்கப்பட்டன. டெல்லி எல்லையில் கடும் குளிரில் அமர்ந்திருந்த லட்சக்கணக்கான விவசாயிகளின் குரலை அடைக்க, ஓர் உத்தரவும் ஒரு நிறுவனத்தின் இசைவும் போதுமானவையாக இருந்தன.

முடக்குவது ஒரு பக்கம், கறப்பது மறுபக்கம். 2021இல் வாட்ஸ்அப் தனது தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ‘ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு’ என்ற நிலையில் பயனர்களை நிறுத்தியது. அதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்திற்கு ரூ.213 கோடி அபராதம் விதித்தது. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறிய தொழிலாளர் குழுக்கள் எத்தனை? வெளியேறுவது என்றால் உறவினரை, சக தொழிலாளியை, மேஸ்திரியை, குழந்தையின் பள்ளியை இழப்பது என்று பொருள். பெருநிறுவனங்களின் உண்மையான மூலதனம் இந்தப் பிணைப்புதான். நாம் உருவாக்கிய உறவுகளையே நமக்குப் பூட்டாக மாட்டியிருக்கிறார்கள்.

‘சுதேசி’ நிறுவனம் வந்தால் சரியாகிவிடும் என்ற வாதமும் பொய்த்துப் போனது. ட்விட்டருக்கு இந்திய மாற்று என்று பெங்களூரில் 2020இல் தொடங்கப்பட்ட ‘கூ’ செயலியை ஒன்றிய அமைச்சர்களே முன்னிறுத்தினர். அதில் தமிழும் தெலுங்கும் இருந்தன. முதலீட்டாளர் பணம் வற்றியதும் 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. உடைமையின் தேசம் மாறினால் போதாது, உடைமையின் தன்மை மாற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

வேலி அடைக்கப்பட்ட பொது நிலம்

மாற்று என்பது என்ன? மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் மின்னஞ்சல் கணக்கு ஒரு நிறுவனத்தில் இருக்கலாம், மற்றவருடையது பல்கலைக்கழகத்தில் இருக்கலாம். இருவரும் தடையின்றிக் கடிதம் எழுதிக்கொள்கின்றனர். ஏனெனில் கடிதம் எப்படிப் போக வேண்டும் என்ற விதி எவருடைய தனிச்சொத்தும் அல்ல. இத்தகைய பொது விதியையே திறந்த நெறிமுறை என்கிறோம். ஒரு சர்வர் பிடிக்கவில்லை என்றால் மற்றொன்றுக்குப் போகலாம். சங்கமே ஒரு சர்வரை நடத்தலாம். அப்போதும் உலகத்தோடு தொடர்பு அறுந்துவிடாது.

உடனடிச் செய்திகளுக்கும் இத்தகைய நெறிமுறை 1999 முதலே உண்டு. ஜாபர் என்ற பெயரில் பிறந்து எக்ஸ்எம்பிபி என்று பின்னர் அழைக்கப்பட்ட அந்த நெறிமுறையின் வரலாறு அரசியல் பொருளாதார மாணவர்களுக்குப் பழக்கமான வரலாறு. கூகுள் தனது அரட்டைச் சேவையை அதன்மீது கட்டியது; பயனர்கள் பெருகிய பின்னர் 2013இல் வெளி சர்வர்களுடனான தொடர்பைக் கைவிடத் தொடங்கியது. வாட்ஸ்அப்பும் அதே நெறிமுறையின் திருத்தப்பட்ட வடிவத்தின்மீதுதான் எழுந்தது, ஆனால் முதல் நாளிலிருந்தே வெளியாருக்குக் கதவை மூடி வைத்தது. அந்த மூடிய வீட்டை 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. இங்கிலாந்தில் கிராமப் பொது நிலங்களுக்கு வேலியிட்ட நிலக்கிழார்களின் செயலை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் விரிவாக ஆராய்ந்தார். இங்கு வேலியிடப்பட்டது தன்னார்வலர்கள் பலர் கூடி உழைத்து உருவாக்கிய அறிவுப் பொதுநிலம்.

அந்தப் பொதுநிலம் முற்றாக அழிந்துவிடவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2016இல் தொடங்கிய மாஸ்டடான், ட்விட்டர் போன்ற சேவையைப் பல்லாயிரம் தனித்தனி சர்வர்களில் நடத்த வழி செய்தது. அவை ஒன்றோடொன்று பேசுவதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைத் தரநிலை அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. குழு உரையாடலுக்கு 2014இல் தோன்றிய மேட்ரிக்ஸ் என்ற நெறிமுறை உள்ளது. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கான செய்திச் சேவையையும், ஜெர்மன் ராணுவம் தன் படையினருக்கான செய்திச் சேவையையும் மேட்ரிக்ஸின் மீதே கட்டியுள்ளன. முதலாளித்துவ அரசுகள் தமது தகவல் தொடர்பை அந்நியப் பெருநிறுவனத்திடம் ஒப்படைக்க விரும்பவில்லை. உழைக்கும் மக்களின் அமைப்புகள் மட்டும் ஏன் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன?

2019 கற்பித்த பாடம்

2019 இறுதியில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. நாஜி வணக்கம் செலுத்த மறுத்துக் கூட்டத்தின் நடுவே கைகட்டி நிற்கும் மனிதரின் புகழ்பெற்ற படத்தை அவர் தன் பக்கத்தில் வைத்திருந்ததிலிருந்து அந்த விவகாரம் தொடங்கியது. சாதியாதிக்கப் பதிவுகளைக் கண்டும் காணாமல் விடும் நிறுவனம், ஒடுக்கப்பட்டோர் குரலை மட்டும் அடக்குகிறது என்ற கோபமும் அதனுடன் சேர்ந்தது. அந்த நவம்பரில் இந்தியப் பயனர்கள் பெரும் எண்ணிக்கையில் மாஸ்டடானுக்கு இடம்பெயர்ந்தனர்.

அந்த அலை நீடிக்கவில்லை. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது உலக அளவில் எழுந்த அலையிலும் வந்தவர்கள் அனைவரும் தங்கவில்லை. ஏன்? உள்ளே நுழைபவரிடம் முதல் கேள்வியே ‘எந்த சர்வர்?’ என்பதாக இருந்தது. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சர்வர்களின் பட்டியல் எதிரே நீண்டது. எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று எவரும் சொல்லவில்லை. தெரிந்தவரைத் தேடினால் அவர் வேறு சர்வரில் இருந்தார்; தேடலில் அகப்படவில்லை. மற்றொரு சர்வரில் உள்ளவரைப் பின்தொடர முயன்றால், திரும்பவும் உள்நுழையச் சொன்னது. திரையில் இருந்த மொழி பொறியாளர்களின் மொழியாக இருந்தது. மாஸ்டடானை உருவாக்கியவர்களே இதை உணர்ந்து, 2023 மே மாதத்தில் புதியவர்களை நேரடியாகத் தமது பெரிய சர்வரில் சேர்க்கும் வழியைச் செயலியில் முதன்மையாக வைத்தனர். எளிமை கூடியது. ஆனால் கூட்டம் ஒரே இடத்தில் குவியும் ஆபத்தும் கூடியது.

இதே முரண்பாட்டின் மறுமுனையில் நிற்பது புளூஸ்கை. 2024 பிப்ரவரியில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட அது, அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் அவ்வாண்டு நவம்பரில் 2 கோடிப் பயனர்களைக் கடந்தது. சர்வர் பற்றிய கேள்வி இல்லை, பழகிய திரை, ஓரிரு நிமிடத்தில் கணக்கு. அதன் நெறிமுறை திறந்தது, ஒருவர் தன் கணக்கை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லவும் அதில் வழியுண்டு. ஆயினும் நடைமுறையில் ஏறத்தாழ அனைவரும் ஒரே நிறுவனத்தின் சர்வர்களில் இருக்கின்றனர். அந்நிறுவனம் 2024 அக்டோபரில் துணிகர முதலீட்டாளர்களிடம் 1.5 கோடி டாலர் திரட்டியது. இன்று இனிப்பாகத் தெரியும் இடம், முதலீட்டாளர் லாபம் கேட்கும் நாளில் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

இவ்விரண்டு அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் பிரச்சனை தெளிவாகும். பரவலாக்கம் இருந்த இடத்தில் எளிமை இல்லை. எளிமை வந்த இடத்தில் நடைமுறைப் பரவலாக்கம் இல்லை. சந்தையின் தர்க்கத்திற்குள் நின்றால் இம்முரண்பாடு தீராது. ஏனெனில் சந்தைக்கு எளிமை என்பது, தனித்தனியாக நிற்கும் நுகர்வோரை விரைவாக உள்ளே இழுப்பது மட்டுமே.

அமைப்பே முதல் எளிமை

நம்மிடம் சந்தையிடம் இல்லாத ஒன்று உண்டு. அது அமைப்பு.

ஒரு கட்டுமானத் தொழிலாளி சங்கத்தில் சேரும்போது, நாட்டிலுள்ள அனைத்துச் சங்கங்களின் பட்டியலையும் அவரிடம் நீட்டி, ‘ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்’ என்று நாம் சொல்வதில்லை. அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு கிளை இருக்கிறது, அதில் அவருக்குத் தெரிந்த ஒரு தோழர் இருக்கிறார். அவர் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். திறந்த வலைப்பின்னலிலும் இதைச் செய்யலாம். சங்கம் தனக்கென ஒரு சர்வரை வைத்திருந்தால், கிளைச் செயலாளர் அனுப்பும் அழைப்பு இணைப்பைத் தொட்ட மாத்திரத்தில் உறுப்பினர் சரியான இடத்தில் வந்து சேரலாம். அழைப்பு இணைப்பு வசதி மாஸ்டடானில் ஏற்கெனவே உள்ளது. உள்ளே வந்ததும் அவரது கிளை, மாவட்டக் குழு, மாநிலச் சங்கம் ஆகியவற்றின் பக்கங்கள் தாமாகவே அவர் கண்முன் நிற்கும்படி செயலியை வடிவமைக்கலாம். உலகப் பயனர்கள் அனைவரையும் குழப்பிய சர்வர் கேள்வி, அமைப்பாகத் திரண்ட தொழிலாளிக்கு எழவே தேவையில்லை.

ஆகவே செயலியை வடிவமைப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘நமது முதல் பயனர் யார்?’ என்பது. இதுவரை கட்டற்ற மென்பொருட்களின் முதல் பயனர் பெரும்பாலும் அவற்றை எழுதியவரே. அவருக்கு மடிக்கணினி உண்டு, ஆங்கிலம் உண்டு, பொறுமையுடன் கையேடு படிக்கும் ஓய்வு நேரம் உண்டு. நமது முதல் பயனர் மியாப்பூரில் உணவு கொண்டு செல்பவர். திருப்பூரில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர். ஒரே செல்பேசியை மகளுடன் பகிர்ந்துகொள்ளும் வீட்டு வேலைத் தொழிலாளி. அவரிடம் விலை குறைந்த, சேமிப்பிடம் நிரம்பி வழியும் செல்பேசி இருக்கிறது. விரல் ஓட்டத்தில் எழுதுவதைவிடக் குரலில் பேசி அனுப்புவது அவருக்கு எளிது. அவருக்கு மின்னஞ்சல் முகவரி இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் அதன் கடவுச்சொல் செல்பேசி விற்ற கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்திருக்கலாம்.

இவரை மனத்தில் வைத்தால் வடிவமைப்பின் முன்னுரிமைகள் மாறுகின்றன. குரல் செய்தி முதல் வரிசைக்கு வர வேண்டும். செயலியின் எடை குறைய வேண்டும். தமிழும் தெலுங்கும் உருதும் இந்தியும் அரைகுறை மொழிபெயர்ப்பாக இல்லாமல், பேருந்து நிலையத்தில் புழங்கும் சொற்களில் இருக்க வேண்டும். செல்பேசி தொலைந்தால் கணக்கை மீட்க, கிளைத் தோழர்கள் இருவர் சான்று சொன்னால் போதும் என்ற வழியைக்கூட யோசிக்கலாம். நமக்கு இயல்பான அந்த முறை பெருநிறுவனத்திற்குச் சாத்தியமில்லை. செய்தி வந்ததும் ஒலி எழ வேண்டும் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் விலை குறைந்த செல்பேசிகள் பல, மின்கலத்தைச் சேமிக்கப் பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. வாட்ஸ்அப் ஒலிக்கிறது, நமது மாற்றுச் செயலி ஒலிப்பதில்லை. ஆர்ப்பாட்ட அழைப்பு மறுநாள் காலையில் வந்து சேர்ந்தால், அந்தச் செயலி அன்றே கைவிடப்படும். சித்தாந்த உறுதியால் மட்டும் எவரும் அதைத் தாங்கிக்கொள்ள மாட்டார்கள், தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் கூடாது.

இத்திசையில் இந்தியாவிலேயே ஒரு முயற்சி நடைபெற்று வருகிறது. மலையாளத்தில் புறா என்று பொருள்படும் ‘பிராவ்’ என்ற செய்திச் செயலியைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் எக்ஸ்எம்பிபி நெறிமுறையின்மீது உருவாக்கியுள்ளனர். தொலைபேசி எண்ணைக் கொண்டே கணக்குத் தொடங்கும் பழகிய வழியை அது கையாள்கிறது. அதே நேரத்தில் வேறு எக்ஸ்எம்பிபி சேவையில் இருப்பவருடனும் பேச முடிகிறது. இதன் உடைமையைப் பயனர்களே உறுப்பினர்களாக உள்ள பல மாநிலக் கூட்டுறவுச் சங்கத்திடம் வைப்பதே அவர்களின் நோக்கம். எளிமையையும் கூட்டுடைமையையும் ஒருசேரப் பிடிக்க முயலும் இம்முயற்சி சிறியதுதான். தொழிற்சங்க இயக்கம் இதைக் கவனித்துக் கற்க வேண்டும்.

தெலுங்கு மண்ணின் பண்பாட்டு இயக்க வரலாறும் நமக்கு வழிகாட்டுகிறது. 1943இல் உருவான பிரஜா நாட்டிய மண்டலி, கிராமத்து மக்களிடம் புதிய அரசியலைக் கொண்டுசெல்லப் பழகிய புர்ரகதா வடிவத்தை எடுத்துக்கொண்டது. தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டக் காலத்தில் 1947இல் எழுதப்பட்ட ‘மா பூமி’ நாடகம் ஊர் ஊராக நிகழ்த்தப்பட்டது. மக்கள் ஏற்கெனவே அறிந்த வடிவத்தில் புதிய உள்ளடக்கம் சென்றது. செயலி வடிவமைப்பிலும் இதே அணுகுமுறை வேண்டும். பழகிய திரை, பழகிய சைகைகள்; அவற்றின் பின்னே புதிய உடைமை உறவு.

மறைக்கக் கூடாத சிரமங்கள்

இம்முயற்சியின் வரம்புகளை நேர்மையாகப் பேசியாக வேண்டும்.

முதலாவது, சர்வர் காற்றில் இயங்குவதில்லை. மின்சாரம், வாடகை, பராமரிப்பு, இரவு இரண்டு மணிக்குப் பழுது பார்க்கும் ஒரு மனிதர் ஆகிய அனைத்தும் தேவை. தன்னார்வலரின் தியாகத்தின்மீது மட்டும் கட்டப்பட்ட சர்வர்கள், அந்தத் தன்னார்வலர் களைத்துப்போகும் நாளில் மூடப்படுகின்றன. சந்தா வசூலித்துப் பத்திரிகை நடத்திய அனுபவம் நமக்கு உண்டு. அதே ஒழுங்குடன் சர்வருக்கும் உறுப்பினர் பங்களிப்பு வேண்டும், அதைப் பராமரிப்பவருக்கு ஊதியமும் வேண்டும்.

இரண்டாவது, வெறுப்பையும் வதந்தியையும் கண்காணிக்கும் பணி. ஹைதராபாத்தில் ஒப்பந்த ஊழியர்களின் தலையில் பெருநிறுவனம் கட்டிய அந்தச் சுமை, சர்வர் நம்முடையதானால் நம்முடையதாகும். சாதிய வசவு, பெண் தோழர்கள்மீதான தாக்குதல், வகுப்புவாத வதந்தி ஆகியவை நமது குழுக்களுக்குள் வராது என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பெண்களுக்கும் தலித் தோழர்களுக்கும் தீர்மானிக்கும் இடம் அளிக்கும் நெறிப்படுத்தும் குழு இல்லாமல் எந்த சர்வரையும் தொடங்கக் கூடாது.

மூன்றாவது, பாதுகாப்பு. மாஸ்டடானில் தனிச்செய்தி என்று அனுப்புவதையும் அந்த சர்வரை நடத்துபவரால் படிக்க முடியும். அது பொது மேடைக்கு உகந்தது. உள் விவாதத்திற்கு உகந்ததன்று. உள் விவாதத்திற்கு, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய மறையாக்கம் கொண்ட மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி போன்றவை வேண்டும். இந்த வேறுபாட்டைச் செயலியின் திரையே உறுப்பினருக்கு உணர்த்த வேண்டும். எங்கே பேசினால் யார் கேட்பார்கள் என்று தெரியாமல் பேச வைப்பது மோசமான வடிவமைப்பு மட்டுமன்று. தோழர்களை ஆபத்தில் தள்ளுவதாகும்.

நான்காவது, அரசின் கரம். 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு 14 செய்திச் செயலிகளைத் தடை செய்தபோது, மேட்ரிக்ஸ் நெறிமுறையைப் பயன்படுத்தும் எலிமென்ட் செயலியும் அப்பட்டியலில் இருந்தது. திறந்த நெறிமுறையில் ஒரு செயலி போனால் மற்றொரு செயலி வழியே அதே உரையாடலைத் தொடரலாம் என்பது உண்மை. ஆனால் இணையத்தையே துண்டித்தால் எந்த நெறிமுறையும் உதவாது. ஜம்மு காஷ்மீர் மக்கள் அதை மாதக்கணக்கில் அனுபவித்தனர். தொழில்நுட்பம் ஜனநாயகப் போராட்டத்திற்குத் துணை நிற்கும். அந்தப் போராட்டத்தின் இடத்தில் வந்து நிற்காது. வீடு வீடாகச் செல்லும் தோழரின் வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

‘மக்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது நாம் தனியே ஒதுங்கலாமா?’ என்று தோழர்கள் கேட்பது நியாயமே. ஒதுங்கச் சொல்லவில்லை. மக்கள் இருக்கும் இடத்தில் நாம் இருந்தாக வேண்டும். பிற்போக்குச் சக்திகளுக்கு அந்தக் களத்தை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் எதிரியின் மைதானத்தில் விளையாடுவது வேறு, நமது அலுவலகத்தையே அங்கு வைத்திருப்பது வேறு. பரப்புரை எங்கும் நடக்கட்டும். உறுப்பினர் பட்டியல், முடிவுகள், ஆவணங்கள், நினைவுகள் ஆகியவை நம் வீட்டில் இருக்கட்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

1901இல் ஏடு ஒன்றைத் தொடங்குவது பற்றி எழுதும்போது, லெனின் அதைச் செய்தி பரப்பும் கருவியாக மட்டும் கருதவில்லை. சிதறிக் கிடக்கும் குழுக்களை ஒரே வேலையில் இணைக்கும் அமைப்பாளனாக அதைப் பார்த்தார். அந்த ஏட்டிற்குச் சொந்த அச்சகமும் சொந்த விநியோக வழியும் தேவைப்பட்டன. தமிழ்நாட்டிலும் நமது முன்னோடிகள் தடைகளுக்கும் தலைமறைவு வாழ்வுக்கும் இடையே அச்சகம் வைத்துப் பத்திரிகை நடத்தினர். முதலாளிகளின் அச்சகம் மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கிறது என்பதற்காக அவர்கள் அதைக் கைவிடவில்லை.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு மாவட்டத்தில் ஒரு சங்கம், அதன் செயற்குழு, ஐம்பது உறுப்பினர்கள் ஆகியோருடன் தொடங்கலாம். இதற்கான தொழில்நுட்ப அறிவு நமக்கு அந்நியமானதல்ல. ஹைதராபாத்தில் ஸ்வேச்சா இருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் சென்னையிலும் விழுப்புரத்திலும் இயங்கி வருகின்றன. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கங்களில் திறமையான இளம் தோழர்கள் இருக்கின்றனர். பகலில் பெருநிறுவனத்தின் திரைகளை மெருகூட்டும் அவர்களின் கைத்திறன், வாரத்தில் சில மணி நேரம் தன் வர்க்கத்திற்கும் கிடைக்கட்டும்.

ஆனால் அவர்கள் மட்டும் அமர்ந்து வடிவமைத்தால் பழைய தவறே திரும்பும். ஒவ்வொரு திரையையும் முதலில் ஓர் ஆட்டோ நிறுத்தத்திலோ தையல் கூடத்திலோ ஒரு தொழிலாளியின் கையில் கொடுத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே குற்றம் திரையினுடையது, தொழிலாளியினுடையது அன்று. மக்களிடமிருந்து கற்று மக்களிடம் திரும்பக் கொண்டுசெல்வது என்று நாம் பேசும் வழிமுறைதான் இது. ‘சாதாரண ஆட்களுக்கு இதெல்லாம் புரியாது’ என்று நம்மில் சிலர் சொல்லிக் கடந்து சென்ற காலத்திற்காகச் சுயவிமர்சனமும் தேவை.

கேரளம் இதற்கு நம்பிக்கையூட்டும் சான்று. அங்கு பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் நிலைபெற்றதற்கு மென்பொருளின் தரம் மட்டும் காரணமில்லை. ஆசிரியர் சங்கங்கள் அதைத் தம் கோரிக்கையாக ஏற்றன. ஆசிரியர்கள் பெருந்திரளாகப் பயிற்சி பெற்றனர். பாடப்புத்தகம் அதற்கேற்ப எழுதப்பட்டது. கடினம் என்று கருதப்பட்ட ஒன்றை அமைப்பின் வலிமை எளிதாக்கியது.

அடுத்த மாவட்ட மாநாட்டு அறிக்கையில், எத்தனை வாட்ஸ்அப் குழுக்கள் நடத்துகிறோம் என்ற கணக்கு வழக்கம்போல இடம்பெறும். அதனருகே இன்னொரு வரியும் சேரட்டும்: நமக்குச் சொந்தமான இடத்தில், நமது மொழியில், உதவியின்றித் தாமே நுழைந்து பேச முடிந்த உறுப்பினர்கள் எத்தனை பேர். முதல் ஆண்டில் அந்த எண் சிறியதாகவே இருக்கும். அதைப் பற்றி விவாதிக்கும் கிளைக் கூட்டங்களே இப்பணியின் தொடக்கமாக இருக்கும்.